ராணி கலர் கெண்டை

ஆரணி,
ஜனவரி 19

கொச்சியில் மீன்களோடு குடித்தனம் நடத்தும் என் வீட்டுக்காரருக்கு, ஆரணியில் உங்கள் அம்மாவோடு குடித்தனம் நடத்தும் எழிலரசி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நேற்று போனில் சொன்னீர்கள். அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீங்கள் முடித்து வைக்கிறீர்கள். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

நீங்கள் கேட்ட மீன்கள் கிடைத்துவிட்டன. அனுப்பத்தான் வழியில்லை. கூரியர் கடையில் பாட்டிலைப் பார்த்து என்ன இது என்றார்கள். ஸ்பிரிட்டில் போட்ட மீன் என்றேன். கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வண்டில நெருப்பு பத்திகிச்சின்னா யாரு மேடம் பதில் சொல்றது, கறிக்கடையில குடுத்துட்டுப் போங்க" என்றார். எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி சார் அன்பழகன் மாசக் கடைசியில் குருவாயூர் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் ஆராய்ச்சியை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நானும் உங்களோடு அதே வகுப்பில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவள்தான். ஆனால் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தை வரைந்து காட்டியே கை பழகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் பொங்கல் லீவில் வந்தீர்கள். உங்கள் அண்ணன் ஜெயக்குமார் மாமாவின் சாயப்பட்டறைக்குப் பின்னால், புளியந்தாங்கல் ஏரியில் எட்டுக் கெண்டைகளைப் பிடித்து ஃபார்மலினில் போட்டுக் கொண்டு போனீர்கள். விரல் நீளம்கூட வராத பொடிக் கெண்டை. செவுள் மூடியின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. மூடியைத் தூக்கினால் உள்ளே செவுள் இழைகள் குட்டையாக, தடித்து, நுனி உருண்டிருக்கின்றன. இழைகளுக்கு எதிர்ப்பக்கம் சீப்புப் பல் மாதிரி நிற்கும் முட்கள் சாதாரணக் கெண்டைக்கு இருப்பதில் பாதிதான் இருக்கின்றன. இந்த மூன்றையும் வைத்து, இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்கிறீர்கள். உங்கள் கைடு சாரும் ஒப்புக்கொண்டார். கட்டுரையை அனுப்பினால் பத்திரிகைக்காரர்கள் டி.என்.ஏ. கேட்டார்கள். ஃபார்மலினில் ஊறிய மீனில் அது சரியாக வரவில்லை. அதனால் புதிதாகப் பிடித்து ஸ்பிரிட்டில் போட்ட மீன் வேண்டும். சரிதானே?

அந்த இனத்துக்கு என் பெயர் வைக்கப் போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை சொல்லிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று, "எம் மருமவ பேருல ஒரு மீனு வருது, லத்தீன்ல" என்றிருக்கிறார்கள். லத்தீன் எந்தப் பக்கம் என்று ஒரு அம்மா கேட்டதற்கு, கொச்சிக்கு அந்தாண்டை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது தெருவில் போனால் என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குப் போனேன். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் தணிகாசலம் வலையோடு வந்தார். அவருக்கு வலை வீசுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். பட்டறைக் கால்வாய் வந்து விழுகிற மூலையில் வீசினார். வந்த கெண்டை எல்லாவற்றுக்கும் ரோஸ் கோடு. "இந்த மீனு ஒரு வரம் டீச்சர்" என்றார். "ஆரணில மீனு வாங்குறவங்க இன்னா பண்றாங்க? செவுள தூக்கிப் பாக்குறாங்க. மத்த மீனு பொழுது சாஞ்சா செவுளு வெளுத்துப் பூடும். இது ரெண்டு நாளு ஆனாலும் செவப்பாவே கீது. நானு பேசவே வாணாம், செவுளே வித்துக் குடுத்துடும்" என்றார்.

எனக்கு அது உறுத்தியது. செத்த மீனின் செவுள் வெளுத்தாக வேண்டும். இரத்தம்தான் அந்தச் சிவப்பு. மீன் செத்த பிறகும் சிவப்பு நிற்கிறது என்றால், அது இரத்தத்தின் சிவப்பு இல்லை.

எதிர்க்கரையில், வரத்துக் கால்வாய் வருகிற பக்கமும் வலை வீசச் சொன்னேன். "அங்க சப்பை மீனுதாங்க கெடைக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கேயும் அதே பொடிக் கெண்டைதான், அதே அளவு, அதே செதில். ஒன்றுக்குக்கூட ரோஸ் கோடு இல்லை. நீங்கள் கொண்டுபோன எட்டும் ஒரே இடத்தில், பட்டறையின் பின்கதவைத் திறந்தால் கைக்கெட்டுகிற இடத்தில் பிடித்தவை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்து மீனையும் தனித்தனி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதவும்.

வீட்டுச் செய்தி. போன வாரம் அத்தை தணிகாசலத்திடம் கெண்டை வாங்கி வந்தார்கள். மீன் வாங்குவதில் அத்தையை ஏமாற்ற முடியாது என்பது உங்கள் குடும்பத்துப் பெருமை அல்லவா? செவுள் தக தக என்று சிவப்பு. குழம்பு கொதித்ததும் நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினோம். அத்தைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "செவுளு பொய் சொல்லாது இல்ல எழிலு?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார்கள்.

மாமாவுக்கு அந்த இருமல் போகவில்லை. பழைய பட்டறை உங்களுக்குத்தான் தெரியுமே. ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலையில் இடிக்கும். ஆசிட் ஆவி போக வழியில்லை. தேவிகாபுரம் ரோட்டில் காற்றோட்டமாக ஒரு கொட்டகை பார்த்து, சாயத் தண்ணீருக்குத் தனியாகத் தொட்டியும் கட்டி, சாயம் காய்ச்சும் கொப்பரைகளை அங்கே மாற்றுவதாக மாமா போன வருடமே முடிவு செய்திருந்தார். இப்போது கேட்டால் தலையை ஆட்டுகிறார். "தம்பி சொல்லிக்கீறான், அவன் மீனு பேரு அச்சுல வர வரைக்கும் அந்த எடத்துல ஒரு கல்ல கூட பொரட்டக் கூடாதுன்னு" என்கிறார். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அது எந்த அர்த்தத்தில் என்று அவருக்கு விளக்கவும். மாமா உங்கள் பேச்சைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்கிறவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மலினைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் மீனாகாத,
எழிலரசி

*

ஆரணி,
பிப்ரவரி 2

அன்புள்ள ஆராய்ச்சியாளர் ஜெயவேல் அவர்களுக்கு,

மரியாதை கூடியிருப்பதைப் பார்த்துக் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தால், நினைத்தது சரி.

எதிர்க்கரை மீனை யார் பிடிக்கச் சொன்னது என்று போனில் கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. பட்டறைப் பக்கத்துப் பாட்டிலை மட்டும் அனுப்பு, மற்றதைக் கொட்டிவிடு என்றீர்கள். நான் கொட்டவில்லை. குருவாயூர் போன அன்பழகன் சாரிடம் எதையும் கொடுத்தனுப்பவும் இல்லை. இரண்டு பாட்டிலும் நம் அலமாரியில், உங்கள் கல்யாண வேட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

காரணத்தைச் சொல்கிறேன். முதல் கடிதம் போட்ட மறுவாரம் அலமாரியைத் திறந்தேன். எதிர்க்கரைப் பாட்டிலில் ஸ்பிரிட் தெளிவாக இருந்தது. பட்டறைப் பக்கத்துப் பாட்டிலில் ஸ்பிரிட் ரோஸாகிவிட்டது. மீனின் கோடு வெளுத்திருந்தது. இதை போனில் சொன்னதும் சிரித்தீர்கள். மீனின் இயற்கையான சிவப்பும் ஸ்பிரிட்டில் கரையும், எம்.எஸ்ஸி.யில் தூங்கினாயா என்றீர்கள். எம்.எஸ்ஸி.யில் தூங்கியது யார் என்று நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் சொன்னது தப்பில்லை, கரையும்தான். எனவே அந்த ஒன்றை வைத்து நான் எதுவும் முடிவு செய்யவில்லை.

ரோஸ் ஸ்பிரிட்டில் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். ஸ்பிரிட் பறந்து அடியில் கறை மட்டும் நின்றது. அதில் தண்ணீர் விட்டு, நாலு சொட்டு வினிகர் விட்டு, மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பட்டு நூலைப் போட்டுச் சூடு பண்ணினேன். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆரணியில் பிறந்தவர்களுக்குப் பட்டில் சாயம் ஏறுகிற விதம் தெரியும். நூல் ரோஸாக வந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். போகவில்லை. எதிர்க்கரைப் பாட்டில் ஸ்பிரிட்டிலும் இதையே செய்து பார்த்தேன். நூல் வெள்ளையாகவே இருந்தது.

இரண்டு நூலையும் இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். நீங்களும் கழுவிப் பாருங்கள். மீனின் இயற்கையான நிறம் பட்டில் இப்படி ஒட்டாது. அது சாயம்.

செவுளையும் பார்த்தேன். பள்ளிக்கூட லேபில், பிள்ளைகள் போன பிறகு. எதிர்க்கரை மீனின் இழைகள் தனித்தனியாக, மெல்லியதாக, தண்ணீரில் விட்டால் பிரிந்து ஆடின. பட்டறைப் பக்கத்து மீனில் இழைகள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சளி மூடியிருந்தது. நுனி உருண்டிருப்பது இனத்தின் அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீக்கம். முட்கள் பாதிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசியால் வீங்கிய சதையை மெதுவாக ஒதுக்கினேன். அடியில் மிச்ச முட்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், எதிர்க்கரை மீனுக்கு எத்தனையோ அத்தனை. நீங்கள் எண்ணியபோது அவை சதைக்குள் புதைந்திருந்தன, அவ்வளவுதான்.

ஆக, அது புது இனம் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்துவிட்டுப் போன அதே சாதாரணக் கெண்டை. மூச்சு விட முடியாத கெண்டை.

உங்கள் மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். ஃபார்மலினில் போட்டால் எந்த மீனின் நிறமும் போய்விடும். இதன் ரோஸ் மட்டும் போகவில்லை. அது போகாததையே தனித்தன்மை என்று கட்டுரையில் ஒரு பாரா எழுதினீர்கள். வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால் இது எங்கிருந்து வந்த நிறம் என்று சந்தேகப்பட்டிருப்பார். நீங்கள் அந்த நிறம் ஓடுகிற கால்வாயைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனீர்கள், அந்த நிறம் ஒட்டிய அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு. அது உங்கள் கண்ணுக்குச் சாயமாகவே தெரியவில்லை. செவுள் சிவப்பாக இருந்தால் நல்ல மீன் என்று அத்தை வாங்கி வந்தார்கள், நீங்கள் புது மீன் என்று கொண்டுபோனீர்கள். அம்மாவும் பிள்ளையும் ஒரே கூடையில்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருட உழைப்பு என்பது தெரியும். இந்தப் பக்கத்திலும் அந்த மூன்று வருடம் ஓடியிருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் உங்கள் துறையின் விதி உங்களுக்குத் தெரியாததா? ஒரு பெயர் அச்சில் வந்துவிட்டால் அழிக்க முடியாது. தப்பென்று நாளைக்கு ஒருவர் நிரூபித்தாலும், சரியான பெயருக்குக் கீழே செல்லாத பெயர் என்று அது எப்போதும் நிற்கும். அந்த இடத்தில் என் பெயரை நிறுத்தாதீர்கள். எனக்கு நிஜமாகவே வலிக்கும்.

வேறு செய்தி இல்லை. அத்தை சௌக்கியம். மாமாவின் இருமல் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் அண்ணி பவித்ரா அக்கா மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டார்.

இப்படிக்கு,
எழிலரசி

*

ஆரணி,
பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது என்று ஒரு மெசேஜ் அனுப்பினீர்கள். நூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு அடுத்த நாள், டி.என்.ஏ. இல்லாமலே கட்டுரையை ஏற்றுக்கொள்ளும்படி கைடு சார் பத்திரிகைக்கு எழுதப் போவதாகவும், நான் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும் என்றும் மெசேஜ் அனுப்பினீர்கள். சும்மா இருப்பது எனக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் இடையில் ஒன்று நடந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லாதே என்று எனக்கு உத்தரவு. உத்தரவை மீறித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மாமா வீட்டுக்கு வந்தார். நான் துணி காயப் போட்டிருந்த கொடியில் அந்த ரோஸ் நூலில் மிச்சம் கொஞ்சம் தொங்கியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னா எழிலு, இது நம்ம ராணி கலரு ஆச்சே. சேத்துப்பட்டுப் பார்ட்டிக்குப் போட்டது. உனக்கு ஏது?" என்றார்.

மீனிலிருந்து எடுத்தேன் என்றேன்.

வெளையாடாத என்றார். நான் விளையாடவில்லை என்பதைப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாட்டிலைக் காட்டினேன். அப்படியும் நம்பவில்லை. "நீ சொன்னா ஆச்சா? கண்டுபுடிச்சவன் அவன். அவனே புதுசுன்னு சொல்றான்" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வாங்க மாமா என்று ஸ்கூட்டியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தேன். மைக்ராஸ்கோப்பில் மாமாவுக்குக் கண் பொருத்தத் தெரியவில்லை. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

முதலில் எதிர்க்கரைக் கெண்டையின் செவுளை வைத்தேன். "அடேயப்பா, பட்டுப் பிரிச்சி வெச்ச மாரி கீதே, மீனு தலைக்குள்ள இவ்ளோ வேலையா" என்றார். அப்புறம் பட்டறைப் பக்கத்துக் கெண்டை. கண்ணை மாற்றிப் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்தார். "கஞ்சி போட்ட நூலு பிரிக்காம காஞ்சி பூட்ச்சின்னா இப்டித்தான் ஒட்டிக்கும்" என்றார். "அப்பறம் அந்த நூலு எதுக்கும் ஆவாது."

அவருக்கு இருமல் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எழிலு, மீனுக்கு செவுளு. நமக்கு இது நெஞ்சுக்குள்ள கீது, இல்ல?"

ஆமாம் மாமா என்றேன்.

"மீன்னா தலைய வெட்டிப் பாத்துட்ட. நமக்கு எப்டிப் பாப்பாங்க?"

நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். நுரையீரலுக்கு என்னென்ன சோதனை என்று வரிசையாகச் சொல்லத் தெரியும். ஆனால் வேலூருக்குப் போனால் பார்ப்பாங்க மாமா, நாளைக்கே போகலாம் என்று மட்டும் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். இப்போ வேணாம் என்றார். வேலூருக்குப் போனால் அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்யாதே என்பார்கள், செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் கொட்டகையை மாற்ற வேண்டும், கொட்டகையை மாற்றினால் கால்வாய் காய்ந்துவிடும், கால்வாய் காய்ந்தால் தம்பி மீன் என்ன ஆகும் என்றார். இதையெல்லாம் அவர் மனசுக்குள் எப்போதோ கோர்த்து வைத்திருக்கிறார். நான் அது சாதாரண மீன், சாயம் நின்றால் ரோஸும் போய்விடும், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "வேலு கிட்ட எதுவும் சொல்லாத. பேப்பர் முடியட்டும். பாவம், மூணு வருசமா பொண்டாட்டிய உட்டுட்டு ஒண்டியா கெடக்குறான்" என்றார்.

நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி அது உங்கள் பாடு.

மாமாவுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மீனின் செவுளைப் பார்த்து மனுஷனின் நெஞ்சுக்கு ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே இந்த ஒரு வருடமாக அவர் குனிந்து நிற்பது நம் மீனுக்காக. இல்லாத ஒரு மீனுக்காக. உங்களிடம் பெருமையாகச் சொல்வதற்கென்று, இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று கால்வாய் ஓரமாக முள்வேலிகூடப் போட்டு வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தச் சொல்லிக் காட்டினார். வேலியில் காய்ந்த கொடி படர்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் ராணி கலரில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுரை விஷயத்தில் நான் உங்கள் கைடுக்கு எழுத மாட்டேன். பத்திரிகைக்கும் எழுத மாட்டேன். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். பெயர் வைக்கிறவர் நீங்கள், அதை எடுக்கிறவரும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். நூலைக் கழுவிப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கழுவிப் பார்க்காமல் இருக்கக் கூடியவர் இல்லை நீங்கள். பார்த்திருப்பதால்தான் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மனுஷரை நம்பித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

வேண்டுமானால் இந்த மீனை வைத்தே வேறு கட்டுரை எழுதலாம். சாயத் தண்ணீரில் கெண்டையின் செவுள் என்ன ஆகிறது என்று. புதுப் பெயர் எதுவும் இருக்காது, ரேஷன் கடையில் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கால்வாயில் நம் பட்டறைத் தண்ணீர்தான் ஓடுகிறது என்று எழுத வேண்டி வரும். அதற்கு மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டால் சரி என்பார் என்றுதான் நினைக்கிறேன். வேலைக்கு இரண்டு கை வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஊசி பிடிக்க எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பாட்டில்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேட்டியில் ஸ்பிரிட் வாடை ஏறிவிட்டது, அதையும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயரில் மீன் இல்லையே என்று நான் குறைப்பட மாட்டேன். எனக்கு இருக்கிற பெயரைச் சொல்லி நீங்கள் இந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு வெகு நாளாகிறது. எனக்கு அது வேண்டும். வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இப்படியே எழுதிவிட்டேன்.

ஆனால் நீங்கள் வருகிற வரை மாமா காத்திருக்கக் கூடாது. என் பேச்சை அவர் கேட்க மாட்டார், அக்கா பேச்சையும் கேட்க மாட்டார். உங்கள் ஒருவர் சொல்லுக்குத்தான் கட்டுப்படுவார். காலையில் கொப்பரைக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போனை எடுப்பார். விளக்கமெல்லாம் வேண்டாம், லத்தீனும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "அண்ணா, அது சாதாரணக் கெண்டைதான்" என்று சொல்லுங்கள்.

எழில்